கார்க் நகரின் வளைந்த தெரு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் கார்க் நகரை ஒரு நாள் சுற்றினேன். ஏமாற்றம்தான். எந்தப் பாலத்தைத் தாண்டினாலும் மறுபடி ஒரு ஆறு வருகிறது, திசையே பிடிபடவில்லை. பெரிய கடைத்தெருகூட நேராக இல்லை. கோபுரக் கடிகாரம் பக்கத்துக்கு ஒரு நேரம் காட்டுகிறது. அடுத்த மாதம் இரண்டு நாள் மறுபடி போகவேண்டும். அங்கே எதைப் பார்ப்பது?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது இரண்டு ஆறு அல்ல. லீ என்ற ஒரே ஆறு மேற்கே இரண்டாகப் பிரிந்து, கிழக்கே சுங்க மாளிகைக்கு அருகில் மறுபடி சேர்கிறது. இடையில் உள்ள தீவுதான் நகரின் நடுப்பகுதி. கார்க் என்ற பெயருக்கே ஐரிஷ் மொழியில் சதுப்பு என்றுதான் பொருள். தண்ணீர் ஓடும் பக்கத்தை வைத்துத் திசை பார்க்காதீர்கள். கடல் ஏற்றம் நகருக்குள் வரை வருவதால் நீர் மேற்கே ஏறுவதும் உண்டு. அக்கரையில் தங்க மீன் வைத்த ஷாண்டன் கோபுரம் தெரிந்தால் வடக்குக் கிளை, மூன்று கூம்புகள் கொண்ட ஃபின்பார் பேராலயம் தெரிந்தால் தெற்குக் கிளை.

கடைத்தெரு வளைந்திருப்பதும் இந்த ஆற்றால்தான். செயின்ட் பேட்ரிக் தெரு 18ஆம் நூற்றாண்டு வரை படகு ஓடிய வாய்க்கால். அதை மூடித் தெருவாக்கியபோது வாய்க்காலின் வளைவு அப்படியே தங்கிவிட்டது. கிராண்ட் பரேட், சவுத் மால் என்ற தெருக்களுக்கும் அதே கதை. சவுத் மாலில் சில பழைய வீடுகளுக்கு வாசற்கதவு படியேறிப் போகும் உயரத்தில் இருக்கும். படிக்குக் கீழே தெருமட்டத்தில் ஒரு வளைவு வாசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்; அது படகு நிறுத்திய இடம். காசில் தெரு இன்று குறுகிய சந்து. அங்கேதான் பழைய நகர மதிலின் நீர்வாயில் வழியாகக் கப்பல்கள் ஊருக்குள் நுழைந்தன. நகரச் சின்னத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கப்பல் இருப்பது அதனால்தான். அந்த மதிலின் பெரும்பகுதி இன்று மண்ணுக்கடியில் இருக்கிறது.

முதல் நாள் காலையில் இங்கிலிஷ் மார்க்கெட்டில் தொடங்குங்கள். 1788 முதல் நடக்கும் சந்தை, ஞாயிறு விடுமுறை. அங்கே கிடைக்கும் ட்ரிஷீன், ரத்தத்தைக் குடலில் அடைத்துச் செய்யும் தொத்திறைச்சி; மாட்டு இரைப்பையோடும் வெங்காயத்தோடும் பாலில் வேகவைத்து உண்ணப்படுவது. மிளகாய், மசாலா எதுவும் கிடையாது. நம் குடல் குழம்பை நினைத்துக்கொண்டு கேட்டால் ஏமாற்றமாக இருக்கும்; கொஞ்சமாக வாங்கி ருசி பாருங்கள்.

பிறகு வடக்கு மெயின் தெரு வழியே நடந்து ஆற்றைக் கடந்து ஷாண்டன். 1722இல் கட்டத் தொடங்கிய புனித ஆன் ஆலயம் இது. கோபுரத்தின் இரண்டு முகங்கள் சிவப்பு மணற்கல், இரண்டு வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நகர மையத்திலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளையாகத் தெரியும் கோபுரம், மலைப்பக்கம் சுற்றிப் போனால் சிவந்துவிடும். இதற்காகவே சுற்றி நடக்கலாம். கடிகாரத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘நாலு முகப் பொய்யன்’. முள்களைக் காற்று தள்ளுவதால் முகத்துக்கு முகம் நேரம் மாறுகிறது என்பார்கள்.

உள்ளே எட்டு மணிகள், 1750இல் வார்த்தவை. முதல் தளத்தில் எண்ணிட்ட எட்டுக் கயிறுகள் இருக்கும். பக்கத்தில் பாட்டுகளை எண்களாக எழுதிய அட்டைகள். நீங்களே வாசிக்கலாம். மணி ஆடாது, கயிற்றை இழுத்தால் சுத்தியல் அடிக்கும். புதியவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்பதுதான் தவறு. சுத்தியல் மணியிலேயே ஒட்டி நின்று நாதத்தை அமுக்கிவிடும். சட்டென்று இழுத்து உடனே விடுங்கள். சுற்றுப்பட்டு முழுக்கக் கேட்கும் என்பதால் எளிய பாட்டாக எடுங்கள். மேல்தளத்துக்கு மொத்தம் 132 படிகள், மேலே போகப்போக மிகக் குறுகல். பெரிய பையோடு ஏறாதீர்கள். மணிகளை ஒட்டித்தான் ஏறவேண்டும், கொடுக்கும் காதுமூடியைக் கழற்றாதீர்கள்.

இரண்டாம் நாளை, முத்தமிட்டால் பேச்சுத்திறன் வரும் என்று சொல்லப்படும் பிளார்னி கோட்டைக் கல்லுக்கான வரிசையில் கழிக்காமல் கோவ் துறைமுகத்துக்குக் கொடுங்கள். டைட்டானிக் கடைசியாக நின்ற இடம். 1912 ஏப்ரல் 11 அன்று 123 பேர் அங்கே ஏறினார்கள். கப்பல் கரைக்கு வரவில்லை. சிறு கப்பல்களில்தான் அவர்களைக் கொண்டுபோனார்கள். கென்ட் நிலையத்திலிருந்து ரயிலில் 25 நிமிடம். போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், பெரும்பகுதித் தூரம் தண்ணீர் கூடவே வரும்.