நோத்ரு தாம் பேராலயம்: 30 யூரோ கொடுக்க வேண்டாம், நாளைச் சரியாகப் பிடியுங்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் நவம்பர் 5 வியாழன் மதியம் பாரிஸ் வருகிறோம், ஞாயிறு இரவு கிளம்புகிறோம். பாரிஸின் லா சப்பெல் பகுதியில் சித்தப்பா வீட்டில் தங்கல். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. நோத்ரு தாமில், இயேசுவின் தலையில் சூட்டியதாக நம்பப்படும் முள்முடியைப் பார்க்க வேண்டும், ஒரு பூசையாவது காண வேண்டும் என்கிறார். பத்து வயது மகனுக்குக் கோபுரத்தில் ஏற ஆசை. ஓர் இணையதளத்தில் நுழைவுச்சீட்டு ஆளுக்கு 30 யூரோ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது. அந்த 30 யூரோ, வழிகாட்டி ஒருவர் கதை சொல்வதற்கான கூலி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே கட்டடத்தில் மூன்று வாசல் இருப்பதுதான். பேராலயம் இலவசம். உள்ளே இருக்கும் கருவூலத்துக்குத் தனிக் கட்டணம். கோபுரங்களுக்கு 16 யூரோ; அதை நடத்துவது பேராலய நிர்வாகம் அல்ல, அரசின் நினைவுச்சின்ன மையம். ஒன்றின் சீட்டைக் காட்டி இன்னொன்றுக்குள் போக முடியாது. பக்கத்திலேயே இருக்கும் செந்த் ஷப்பெல் சிற்றாலயத்தையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அது வேறு கட்டடம், கட்டணம் உண்டு, நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனையும் கடுமை.

இலவச நுழைவுக்கு நேரம் பதிவு செய்துகொள்ளலாம். கட்டாயமில்லை, ஆனால் அம்மாவின் முழங்காலுக்காகச் செய்யுங்கள். பதிவு செய்தவர்களுக்குத் தனி வரிசை. பேராலயத்தின் அதிகாரபூர்வத் தளத்திலோ செயலியிலோ மட்டும் செய்யுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது: இரண்டு நாளுக்கு முன்னால்தான் பதிவு திறக்கும். ஒரு மாதம் முன்பே தேடிவிட்டு "எல்லாம் முடிந்துவிட்டது" என்று நினைத்து, கட்டணத் தளத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய நாள் பாரிஸ் நள்ளிரவில் திறக்கும். நவம்பரில் அது திருச்சியில் காலை நாலரை. அப்போது கிடைக்காவிட்டாலும் பகலில் இடையிடையே இடம் விடுவார்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள். பதிவே கிடைக்கவில்லை என்றாலும் திரும்பி வந்துவிட வேண்டாம். பொது வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கும் மாலைக் கடைசி நேரத்திலும் கூட்டம் குறைவு.

இனி நாள். இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம். முள்முடி எல்லா நாளும் வெளியே எடுக்கப்படுவதில்லை. மாதத்தின் முதல் வெள்ளி பிற்பகல் 3 முதல் 5 வரை, தவக்காலத்தில் எல்லா வெள்ளியும், பிறகு பெரிய வெள்ளி. நவம்பர் 6 முதல் வெள்ளி. மற்ற நாட்களில் போனால், பீடத்துக்குப் பின்னால் கிழக்குக் கோடியில் உள்ள சிற்றாலயத்தில், கேதுரு மரத்தால் ஆன புதிய பெரிய பேழையைத்தான் பார்க்க முடியும். முடி உள்ளே பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கும். கிளம்பும் வாரத்தில் தளத்தில் நேரத்தை இன்னொரு முறை சரிபாருங்கள். விசேஷ வழிபாடு இருந்தால் நேரம் மாறும்.

அம்மாவிடம் முன்பே ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த முடியில் முள் இருக்காது. அது சுமார் 21 செ.மீ. விட்டமுள்ள நாணல் வளையம். 1896-இல் செய்த படிகக் குழாய்க்குள், பொன் வேலைப்பாட்டுடன் இருக்கிறது. முட்களை நூற்றாண்டுகளாகப் பல ஆலயங்களுக்கும் அரச குடும்பங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். முள் தேடிப் போய் ஏமாந்தவர்கள் பலர். கான்ஸ்டான்டினோபிள் பேரரசர் இரண்டாம் பால்ட்வினிடமிருந்து ஒன்பதாம் லூயி, அதாவது நம் ஊர் பங்குகளில் புனித லூயிஸ் என்று வணங்கப்படும் அரசர், இதை வாங்கி 1239-இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். விலை 1,35,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்). அதை வைக்கக் கட்டிய செந்த் ஷப்பெலுக்கே 40,000 லிவ்ர்தான் செலவு என்பது கணக்கு. நோத்ரு தாமுக்கு அது வந்தது 1806-இல். 2019 ஏப்ரல் 15 மாலை பேராலயம் தீப்பிடித்தபோது முதலில் காப்பாற்றி வெளியே கொண்டுபோனவற்றில் இதுவும் ஒன்று.

ஆக, வெள்ளிக்கிழமையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு, இரண்டேகால் வாக்கில் நேரம் பதிவு செய்யுங்கள். வாசலில் பை சோதனை முடிந்து நடு வாசல் வழியாக உள்ளே போவீர்கள். பார்வையாளர் பாதை இடப்பக்கம், அதாவது வடக்கு நடையில் தொடங்கி, பீடத்தைச் சுற்றி, தெற்கு நடை வழியே திரும்பும். எதிர்த் திசையில் நடக்க விடமாட்டார்கள், ஆகவே எதையும் "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மணிக்குள் நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது நல்லது. முடியை வணங்க வரிசையாகத்தான் போக வேண்டும். திருக்கல்லறை வீரர் சபை என்ற கத்தோலிக்க அமைப்பினர் காவல் நிற்பார்கள்.

கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளிச்சம் வேண்டும். நவம்பரில் பாரிஸில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், பிறகு அவை வெறும் கறுப்புத்தான். மூன்று ரோஜா ஜன்னல்களில் நின்று பார்க்க வேண்டியது வடக்குப் பக்கத்தது: சுமார் 13 மீட்டர் விட்டம், 1250 வாக்கில் செய்தது, பழைய கண்ணாடி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. நீலமும் ஊதாவுமாக இருக்கும். தெற்கு ஜன்னலில் வெயில் நேரே விழும், நிறம் சூடாக இருக்கும். ஆனால் அது பலமுறை பழுது பார்க்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியோலே லெ துக் அதைத் திரும்பக் கட்டும்போது, தாங்கும் வலுவுக்காக 15 டிகிரி திருப்பி வைத்தார். மேற்கு ஜன்னலின் கீழ்ப்பகுதியை ஆர்கன் என்னும் பெரிய குழாய் இசைக்கருவி மறைத்துவிடும். அதற்காகக் கழுத்தை வளைக்க வேண்டாம், ஆர்கனையே பாருங்கள். சுமார் 8,000 குழாய்கள். தீ அதைத் தொடவில்லை, ஈயத் தூசிதான் படிந்தது. கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினார்கள்.

தென்கிழக்குத் தூண் ஒன்றின் அருகே, குழந்தையை ஏந்திய மாதா சுரூபம் நிற்கும். 14-ஆம் நூற்றாண்டுக் கல் சிற்பம். மேலே கூரை விழுந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா மெழுகுதிரி ஏற்றி நிற்க விரும்பும் இடம் அதுவாகத்தான் இருக்கும். பழைய படங்களில் பார்த்தவர்கள் "இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே" என்று கேட்பார்கள். சுண்ணாம்புக் கல்லின் இயல்பான நிறமே அதுதான். சுமார் 42,000 சதுர மீட்டர் பரப்பில் கரியும் தூசியும் நீக்கப்பட்ட பிறகு வெளியே வந்திருக்கிறது.

பூசைக்குப் பதிவு தேவையில்லை. வார நாட்களில் காலை 8, நண்பகல் 12, மாலை 6. ஞாயிறு காலை 8.30, 10, 11.30, மாலை 6. பத்து மணிப் பூசை, கிரகோரியன் என்னும் பழைய திருச்சபைப் பாடல் இசையோடு நடக்கும். அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், மொழி புரியாவிட்டாலும் பூசையின் ஒழுங்கு அம்மாவுக்குத் தெரிந்ததே. பார்வையாளராக வந்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டும், பூசைக்கு வந்தால் ஒரு மணி நேரம் உட்காரலாம். முழங்கால் வலிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. வாசலில் நிற்பவர்களிடம் "மெஸ்" (பிரெஞ்சில் பூசை) என்று சொல்லுங்கள், எந்த வரிசை என்று காட்டுவார்கள். அரைமணி முன்னதாக வாருங்கள். பூசை நேரத்தில் ஓரமாகச் சுற்றுலாக் கூட்டம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு அம்மாவைத் தயார்படுத்துங்கள். காலணி கழற்றத் தேவையில்லை, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். சேலைக்கு மேல் ஒரு நல்ல ஸ்வெட்டர் அவசியம், கல் கட்டடம் உள்ளேயும் குளிரும்.

வியாழக்கிழமை இரவு 10 வரை திறந்திருக்கும், மற்ற வார நாட்களில் 7 வரை. வந்து இறங்கிய களைப்பு இல்லையென்றால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் அன்று இரவு ஒருமுறை போய்வரலாம். ஜன்னல் தெரியாது, ஆனால் கூட்டம் இல்லாமல் விளக்கொளியில் கட்டடத்தைப் பார்க்கலாம்.

மகனின் கோபுரம்: 424 படி, மின்தூக்கி கிடையாது. ஒரு கோபுரத்தில் ஏறி மற்றதில் இறங்கும் பாதை, நடுவில் திரும்பி வர முடியாது. அம்மா வேண்டவே வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவனுக்கும் நேரம் பதிவு செய்ய வேண்டும், பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். இது பேராலயப் பதிவு போல இரண்டு நாள் கணக்கு அல்ல, முன்பே திறந்திருக்கும். சனிக்கிழமை காலைக்கு இப்போதே பாருங்கள். மேலே 13 டன் எடையுள்ள எம்மானுவேல் மணி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மற்ற மணிகளை உருக்கியபோது தப்பியது. விளிம்பில் குந்தியிருக்கும் விகார உருவங்கள் இடைக்காலத்தவை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவை 19-ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டவை. மழைநீரை வெளியே துப்பும் கல் தூம்புகள் வேறு, இவை வேறு. பையனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லி அனுப்புங்கள், படி ஏறும் அலுப்பு தெரியாது.

லா சப்பெலிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடக்கும் தூரம். அங்கிருந்து ஆர்.இ.ஆர். பி என்னும் புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சேன் மிஷெல் நோத்ரு தாம். மெட்ரோ 4-இல் சித்தே நிறுத்தம் இன்னும் கிட்டத்தில்தான், ஆனால் ஆழமான நிலையம், படிகள் அதிகம். அம்மாவோடு போகும்போது 38-ஆம் எண் பேருந்தே மேல்: மெதுவாகப் போகும், படி இறங்க வேண்டியதில்லை. பேராலயத்துக்குள் கழிப்பறை கிடையாது, ஆகவே பக்கத்துக் கடையில் ஒரு காபி குடித்துவிட்டு வரிசைக்கு வாருங்கள். முன்வெளியில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டும் இளைஞர்களிடம் நிற்க வேண்டாம். நீங்கள் படிக்கும் நேரத்தில் இன்னொருவர் பையைத் திறப்பார். தங்கச் சங்கிலியைச் சித்தப்பா வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஞாயிறு பூசை முடித்து அப்படியே விமான நிலையம் போகலாம் என்று பெட்டிகளோடு வந்துவிடாதீர்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் இடமில்லை. வீட்டில் வைக்க முடியாவிட்டால் கார் து நோரில் கட்டணப் பெட்டகங்கள் இருக்கின்றன.