பிளாக்பர்ன் நகரச் சின்னத்தில் மூன்று தேனீக்கள் ஏன்? பச்சையும் பொன்னிறமும் எதைக் குறிக்கின்றன?

கால்பந்து பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியின் சிவப்பு ரோஜா முத்திரை வேறு, இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள அந்த நகரத்தின் சின்னம் வேறு. 'ஆர்ட்டே எட் லபோரே' என்ற லத்தீன் வாசகம் மட்டும் இரண்டிலும் உண்டு. திறமையாலும் உழைப்பாலும் என்று பொருள்.

பச்சை என்றால் நம்பிக்கை, பொன் என்றால் வள்ளல்தன்மை என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். 1851-இல் பிளாக்பர்னுக்கு நகரசபை கிடைத்தது. 1852-இல் சின்னம் வழங்கப்பட்டது. அந்த ஆண்டில் ஊரில் யார் செல்வாக்கோடு இருந்தார்கள் என்று பார்த்தால்தான் பாதி விளங்கும்.

கேடயத்தின் தளம் வெள்ளி. குறுக்கே கறுப்பு அலைப்பட்டை. 'பர்ன்' என்றதும் எரிந்த கரி என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. பழைய ஆங்கிலத்தில் அது ஓடை. கறுப்பு ஓடை, அதாவது ஊரின் பெயரே சிலேடையாக வரையப்பட்டிருக்கிறது. தண்ணீர்தானே என்று நீலம் பூசினால் ஊர்ப்பெயர் அழிந்துவிடும்.

பட்டைக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று தேனீக்கள். உழைப்பின் அடையாளம் என்பது சரி, ஆங்கிலத்தில் தேனீயைக் குறிக்கும் 'பீ' என்ற சொல் ஊரின் முதல் எழுத்தாகவும் ஒலிக்கிறது. பக்கத்து ஓஸ்வால்ட்விசிலிலிருந்து எழுந்த பீல் குடும்பத்துச் சின்னத்திலும் ஒரு தேனீ உண்டு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராபர்ட் பீல் அந்தக் குடும்பம்தான்.

கேடயத்தின் உச்சியில் பச்சைப் பட்டை. அதில் வெள்ளி ஊதுகொம்பு, இருபுறமும் பொன்னிறச் சாய்சதுரங்கள். கொம்பு வேட்டையைக் குறிக்கவில்லை. முதல் மேயர் வில்லியம் ஹென்றி ஹார்ன்பி, ஆலை முதலாளி; அவர் குடும்பத்தின் முடிச்சின்னம், அதாவது கேடயத்துக்கு மேலே வரையும் உருவம் அது. 'ஹார்ன்' என்றால் கொம்பு, இங்கேயும் சிலேடை. சாய்சதுரங்கள் ஊர் நிலவுடைமையாளர் ஜோசப் ஃபீல்டனின் சின்னத்திலிருந்து வந்தவை. இவற்றைச் சின்னவியலில் 'ஃப்யூசில்' என்பார்கள். நூல் சுற்றும் கதிரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழி வந்தது. அதனால் ஒடுக்கமாக, நீளமாக வரைய வேண்டும். குட்டையாக வரைந்தால் சாதாரண வைரக்கட்டமாகி, நெசவு வாசனை போய்விடும்.

கேடயத்துக்கு மேலே, தறியில் நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் ஓடம். அதன்மேல் புறா, அலகில் ஓடத்தின் நூலும் ஒலிவக் கிளையும். அமைதி இருந்தால் நெசவு தழைக்கும் என்பது நேர்ப்பொருள். 1826-இல் இதே வட்டாரத்தில் நெசவாளர்கள் விசைத்தறிகளை உடைத்த நினைவும் அதில் இருக்கலாம். இது என் வாசிப்பு மட்டுமே, ஆவணத்தில் இல்லாததைச் சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.

கல்லில் செதுக்கியதையோ கறுப்பு வெள்ளை அச்சையோ பார்த்தால், நிறங்களைக் குறிக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் கவனியுங்கள். புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, குறுக்கும் நெடுக்குமான கட்டம் கறுப்பு. பார்ப்பவரின் இடது மேலிருந்து வலது கீழாகச் சாயும் கோடுகள் பச்சை. சின்னவியலில் 'வலம்' என்பது கேடயம் ஏந்துபவரின் வலது, அதாவது பார்ப்பவருக்கு இடது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சாய்கோட்டை மாற்றி வரைந்தால் பச்சை ஊதாவாகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயரைக் கொடுத்தால் 'உங்கள் வம்சச் சின்னம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்களே, அது பெரும் ஏமாற்று. இங்கிலாந்தில் சின்னம் பெயருக்கு உரியதல்ல, அதைப் பெற்றவருக்கும் அவர் வழியினருக்கும்தான் உரியது. ஊர்ச்சின்னம் நகரசபைக்குச் சொந்தம். மான்செஸ்டர் நகரசபையின் சின்னத்தை ஓர் அரங்கம் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக, சின்னங்கள் குறித்த வழக்குகளை விசாரிக்கும், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கூடாமல் இருந்த வீரமரபு நீதிமன்றமே 1954-இல் கூடி, நகரசபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிளாக்பர்ன் சின்னத்தைச் சட்டையில் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அந்த ஊர் நகரசபைக்கு எழுதிக் கேளுங்கள்.