சிறு தொழிலுக்கு இணையதளம், எந்த மென்பொருளில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். தளத்தில் விற்பனை வேண்டாம், சரக்கைக் காட்டினால் போதும். ஒருவர் விக்ஸ் என்கிறார், இன்னொருவர் வேர்ட்பிரஸ் என்கிறார். மகனோ ஏஐ பத்து நிமிடத்தில் செய்து தந்துவிடும் என்கிறான். எதை எடுப்பது?
– ஜவுளி உற்பத்தியாளர், கரூர்

பதில்: டெம்ப்ளேட் (தயார் வடிவமைப்பு) அழகைப் பார்த்து எடுக்காதீர்கள். அழகான டெம்ப்ளேட் எல்லாரிடமும் இருக்கிறது. அதிலுள்ள மாதிரிப் படங்களை எடுத்துவிட்டு உங்கள் படங்களைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ எல்லாம் ஒன்றுதான். முதலில் கேட்க வேண்டியது இது: மூன்று வருடம் கழித்து இந்த மென்பொருள் வேண்டாம் என்றால், எதைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியும்?

விக்ஸில் வடிவமைப்பு, தளத்தை சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங், பாதுகாப்பு எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. அப்டேட் செய்தோமா என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்ற வழியில்லை; எழுத்தை நகலெடுத்து, படங்களை இறக்கி, புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஸ்கொயர்ஸ்பேஸ் என்ற அதே வகைச் சேவை இதில் கொஞ்சம் தாராளம். பக்கங்களில் பலவற்றை வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய கோப்பாகத் தரும், வடிவமைப்பு மட்டும் கூட வராது.

வேர்ட்பிரஸ் 2003-இல் வந்த திறமூல (நிரல் எல்லாருக்கும் திறந்த) மென்பொருள். கோப்புகளும் டேட்டாபேஸும் உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் இருக்கும். முழுவதையும் எடுத்துக்கொண்டு எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். இந்தப் பெயரில் இரண்டு உண்டு, குழம்பிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் ஹோஸ்டிங்கோடு சேர்த்து நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பதுதான் இலவச மென்பொருள். இலவசம் என்றாலும் பராமரிப்பு உங்கள் தலையில். மாதம் இரண்டு முறையாவது உள்ளே போய் மென்பொருள், தீம் (தோற்றம்), ப்ளக்இன் (கூடுதல் வசதி) மூன்றையும் அப்டேட் செய்ய வேண்டும். அதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில் வைரஸ் புகுவது பெரும்பாலும் ஆறு மாதம் அப்டேட் செய்யாமல் கிடந்த ப்ளக்இன் வழியாகத்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகத் தந்தால், அதற்குள் தாங்கள் நுழையப் பின்வாசல் வைத்துத்தான் தருகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏஐ கட்டித் தரும் தளமும் பெரும்பாலும் விக்ஸ் போன்ற ஏதோ ஒரு பில்டருக்குள்தான் (தளம் கட்டும் சேவை) இருக்கும். ஆகவே வெளியேறும் கேள்வி அதற்கும் உண்டு. இன்னொரு தொல்லை: ‘25 ஆண்டு அனுபவம்’, ‘500 மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று அதுவாக எழுதி நிரப்பிவிடும், இல்லாத வாடிக்கையாளரின் பாராட்டையும் சேர்த்துவிடும். வரிக்கு வரி படித்து நீக்காமல் வெளியிட வேண்டாம். இறக்குமதியாளர் இதையெல்லாம் சரிபார்ப்பவர்.

உங்களுக்கு என் பரிந்துரை: அலுவலகத்தில் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ், அதனுடன் வரும் இலவச தீம், அதனுடன் வரும் பிளாக் எடிட்டர். பக்கம் அமைக்கத் தனியாகப் பேஜ் பில்டர் ப்ளக்இன் வேண்டாம். அப்படி ஆள் இல்லையென்றால் விக்ஸ் போன்ற ஒன்றே மேல், கவனிப்பாரற்ற வேர்ட்பிரஸைவிட அது பாதுகாப்பு. எதை எடுத்தாலும் டொமைனை (தளத்தின் முகவரிப் பெயர்) மட்டும் தனி நிறுவனத்தில், உங்கள் பெயரில் வாங்குங்கள். அப்போது மென்பொருளை மாற்றினாலும் முகவரி மாறாது.

வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கார்டில் கட்டுபவர்கள் புதுப்பிப்புத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு முன்கூட்டியே பதிவு வேண்டும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். இது நடக்காமல் பணம் திரும்பி, தளம் நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது.

பக்கங்கள் எட்டோ பத்தோ போதும். ஒவ்வொரு சரக்குக்கும் அளவு, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நூல் எண், குறைந்தபட்ச ஆர்டர், எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்ற ஐந்தும் எழுத்தாக இருக்கட்டும். வாங்க வருபவர் தேடுவது அதைத்தான், முகப்பில் ஓடும் ஸ்லைடரை அல்ல.

கேள்வி: குத்துவிளக்கு, பூஜைச் சாமான் சுமார் 40 வகை. மாதம் 30 ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, சராசரி 3,000 ரூபாய். ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?
– பித்தளைப் பாத்திரக் கடை, நாச்சியார்கோவில்

பதில்: ஷாப்பிஃபை மாத வாடகைக்குக் கிடைக்கும் கடைத் தளம், வூகாமர்ஸ் வேர்ட்பிரஸில் சேர்க்கும் கடை ப்ளக்இன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷாப்பிஃபையின் சொந்தப் பணப்பரிவர்த்தனைச் சேவை இந்தியாவில் இல்லை. வெளி கேட்வேயைத்தான் (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) இணைக்க வேண்டும். அதற்காக அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் தனியாக எடுத்துக்கொள்வார்கள். கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3,000 ரூபாய் ஆர்டரில் கேட்வேக்கு 60, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10.80, ஷாப்பிஃபைக்கு 60. ஆக 130.80. வூகாமர்ஸ் என்றால் 70.80-உடன் முடிந்தது. 30 ஆர்டருக்கு மாதம் 1,800 ரூபாய் வித்தியாசம், ஷாப்பிஃபையின் மாத வாடகை வேறு. இந்தத் தொகைக்குள் வூகாமர்ஸைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் அதுவே லாபம். கிடைக்காவிட்டால் ஷாப்பிஃபை அதிக விலையில்லை. ஒரு நாள் கடை தளம் முடங்கினால் போகும் ஆர்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் சரக்குக்கு இதைவிட முக்கியம் எடை. கூரியர்காரர்கள் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 5 கிலோ விளக்கை 60 × 30 × 30 பெட்டியில் வைத்தால் 10.8 கிலோ! தளத்தில் 5 கிலோ என்று போட்டு வாடிக்கையாளரிடம் அதற்குரிய கட்டணம் வாங்கினால் மீதி உங்கள் கையை விட்டுப் போகும். தண்டையும் தட்டையும் கழற்றிச் சிறிய பெட்டியில் அடுக்குங்கள், பெட்டியை அளந்த பிறகே தளத்தில் எடையைப் பதியுங்கள். ஷாப்பிஃபையில் எடைவாரிக் கட்டணம் அமைப்பிலேயே இருக்கிறது. வூகாமர்ஸில் இயல்பாக வருவது ஒரே கட்டணம், இலவசம், நேரில் பெறுதல் மூன்றுதான். எடைவாரிக்குத் தனி ப்ளக்இன் போட வேண்டும்.

கேட்வே நிறுவனம் ஒப்புதல் தரும் முன் தளத்தைத் திறந்து பார்க்கும். தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், பணம் திருப்பும் கொள்கை, அனுப்பும் கொள்கை ஆகிய பக்கங்கள் தயாராக இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. சிறிய கடையில் அந்த அலுவலர் உரிமையாளராகவே இருக்கலாம்.

கேள்வி: அச்சகத்தில் பல வருடமாகத் தட்டச்சு செய்த தமிழை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. எந்த மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டும்?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: குற்றம் வெப்சைட் மென்பொருளில் இல்லை. உங்கள் உரை பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் இருக்கிறது. அதில் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன் மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் இணையத்துக்கு ஏற்ற யூனிகோடு, உருமாறினால் பழையது. இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளையும், இடையில் வரும் எண்கள், ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் சரிபாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். போட்டோஷாப்பில் தமிழை எழுதிப் படமாகப் போடுவது குறுக்குவழி. கூகுள் தேடலில் அந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் வராது, கைபேசியில் படிக்கவும் சிரமம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா, இல்லையென்றால் ஏற்ற முடியுமா? தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு கைபேசியும் தன்னிடம் உள்ள தமிழைக் காட்டும், தலைப்பு ஒரு போனில் ஒரு வரியிலும் இன்னொன்றில் மூன்று வரியிலும் நிற்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, எழுத்தளவைப் போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வையுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

வேர்ட்பிரஸில் பக்கத்தின் முகவரிப் பகுதியைத் தமிழில் விடாதீர்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ‘கி’ என்பதே ககரம் ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறி. ஆக 22 குறியில் முகவரி பாதிச் சொல்லில் வெட்டுப்படும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் நீங்களே அடியுங்கள்.

கேள்வி: ட்ரீம்வீவர் வகுப்பில் சேரலாமா? கடைக்கு நானே தளம் செய்ய ஆசை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைக்காக என்றால் வேண்டாம். அது அடோபி நிறுவனம் விற்கும், நிரல் எழுதுபவருக்கான கருவி. ஒரு விலையை மாற்ற ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். நிரலில்லாமல் வடிவமைக்க அதே அடோபி விற்ற மியூஸுக்கு 2020 மார்ச்சுடன் ஆதரவு நின்றது. அதில் தளம் கட்டியவர்கள் வேறிடத்தில் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு வந்த இலவசத் தளங்களையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஒரு கருவியை மட்டும் நம்பினால் இந்த ஆபத்து உண்டு. வகுப்புக்குப் போகும் நேரத்தில் இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை கற்றுக்கொள்ளுங்கள், எந்த மென்பொருளிலும் உதவும்.

கேள்வி: தளம் செய்து தந்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. டொமைன் அவர் பெயரில் இருக்கிறது.
– மெஸ் நடத்துபவர், மதுரை

பதில்: முதலில் ஹூஇஸ் என்ற டொமைன் பதிவுத் தேடலில் உங்கள் டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதி என்று பாருங்கள். அவர் சம்மதித்தால் எளிய வழி, அதே நிறுவனத்தில் நீங்கள் ஒரு கணக்கு திறந்து அதற்குள் மாற்றச் சொல்வது. வேறு நிறுவனத்துக்கு மாற்ற அவர் பூட்டை நீக்கி, மாற்றுக் குறியீடு தர வேண்டும். டாட் காம் பெயரைப் பதிந்த 60 நாளுக்குள் மாற்ற முடியாது. சம்மதிக்காவிட்டால் பணம் கட்டிய ரசீதுகளோடு எழுத்து மூலம் கேளுங்கள். அதற்குள் பக்கங்களின் எழுத்தையும் படங்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆளிடம் வேலை கொடுக்கும்போது டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகி, கூகுள் பிசினஸ் புரொஃபைல் நான்கும் உங்கள் மின்னஞ்சலில் திறந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: தளத்தில் உள்ள விசாரணைப் படிவத்தை நிரப்பினால் எங்களுக்கு மெயில் வருவதே இல்லை. மென்பொருளை மாற்ற வேண்டுமா?
– பம்ப் உதிரிபாக வியாபாரி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, படிவத்தின் அனுப்புநர் முகவரியாக வாடிக்கையாளரின் ஜிமெயில் போடப்பட்டிருக்கும். உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் அனுப்பினால் அது போலி என்று தள்ளப்படும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையும், பதில் முகவரியாக வாடிக்கையாளருடையதையும் போடுங்கள். இரண்டு, சர்வர் நேரடியாக அனுப்பாமல் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) ப்ளக்இன் வழியாக உங்கள் மெயில் கணக்கில் லாகின் செய்து அனுப்பட்டும். டொமைன் அமைப்பில், மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். படிவத்துக்குப் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் பொத்தானும் இருக்கட்டும். அதன் சுட்டியில் எண்ணுக்கு முன் 91 வர வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, முன்பூஜ்ஜியம் எதுவும் கூடாது, இருந்தால் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம்.