மூன்று தடவை போனால் பாஸ் காசு தேறிவிடுமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன். வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில், பெங்களூரு பக்கம் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் காரில் போய்வருவோம். இந்த முறை பூங்காக்காரர்கள் ஆண்டுப் பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். மூன்று தடவை வந்தாலே பாஸ் காசு தேறிவிடும், அதற்கப்புறம் எல்லாம் இலவசம்தான் என்கிறார்கள். பிள்ளைகளும் பிடிவாதமாக இருக்கிறார்கள். என் தம்பி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். நாலு பேருக்கும் பாஸ் வாங்கலாமா?

பதில்: நாலு பேருக்கும் வேண்டாம். இரண்டு பேருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘மூன்று தடவை’ கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பூங்கா வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிற கணக்கு. உங்கள் செலவோ அழகாபுரத்தில் வண்டிச் சாவியை எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எளிதாகப் புரிய முழு எண்களாக வைத்துக்கொள்வோம். உங்கள் பூங்காவின் விலையை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். சராசரியாக ஒரு ஆளுக்கு நாள் டிக்கெட் 1,400 ரூபாய், பாஸ் 4,000 ரூபாய் என்றால், நாலு பேருக்கு ஒரு தடவைக்கு 5,600, பாஸுக்கு 16,000. மூன்று தடவை டிக்கெட் எடுத்தால் 16,800. ஆக மூன்றாவது தடவையில் 800 ரூபாய் மிச்சம். அவர்கள் சொன்னது சரிதான்.

இப்போது சாலையைச் சேருங்கள். போக வர 460 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 31 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 3,100 ரூபாய். தொப்பூர் பக்கம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று டோல்கேட்டுகள் இரண்டு பக்கமும். உள்ளே வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை என்றால் நாலு பேரின் சாப்பாடு, தண்ணீர், ஐஸ்கிரீம். லாக்கர் வாடகை, நீச்சல் உடை. எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 6,500 ரூபாய் என்று வைப்பது அதிகம் இல்லை.

பழைய வழக்கப்படி வருடத்துக்கு ஒரு தடவை போனால் உங்கள் மொத்தச் செலவு 12,100. பாஸ் எடுத்து மூன்று தடவை போனால் 35,500. 800 ரூபாய் மிச்சப்படுத்த 23,400 ரூபாய் கூடுதலாகச் செலவழித்திருப்பீர்கள். மூன்று நாள் சந்தோஷத்துக்கு அது தகும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள், பணம் உங்களுடையது. அதைச் சேமிப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். ‘இலவசம்’ என்கிற நாலாவது தடவைக்கும் 6,500 ரூபாய் ஆகும்.

பாஸ் என்றாலே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்தது. 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 தடவை டோல்கேட்டைத் தாண்டுவது, எது முதலில் முடிகிறதோ அதுவரை, சொந்தக் காருக்கு மட்டும். வாராவாரம் சேலத்துக்கும் ஓசூருக்கும் காரில் போய்வருகிறவருக்கு இது நல்ல பேரம். அவர் பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த டோல்கேட்டைத் தாண்டியே ஆகவேண்டும். பாஸ் வாங்கிவிட்டோமே என்று யாரும் கிருஷ்ணகிரி டோல்கேட்டை இன்னொரு தடவை தாண்டிவிட்டு வருவதில்லை. பூங்கா பாஸ் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம். எனவே உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாஸ் என்று ஒன்று இல்லவே இல்லை என்றால் வரும் வருடம் எத்தனை தடவை போயிருப்பீர்கள்? அந்த எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அது ஒன்று.

(அந்த ஃபாஸ்டேக் பாஸ் தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான். பெங்களூருவில் ஓசூர் சாலையிலிருந்து மைசூரு சாலைக்குக் குறுக்கே போக உதவும் தனியார் சாலையான நைஸ் ரோட்டில் தனியாகக் கட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

நாம் எத்தனை தடவை போவோம் என்பதைக் கூட்டித்தான் கணிக்கிறோம். இதை நன்றாகக் காட்டும் ஒரு ஆய்வு உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். வீட்டுப் பக்கத்து ஜிம்முக்கே இந்தக் கதி என்றால் தொப்பூர் கணவாய் தாண்டிப் போக வேண்டிய இடத்துக்கு என்ன ஆகும்?

உங்கள் வீட்டு நாள்காட்டியை எடுத்து வையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும், கட்டணம், நோட்டுப் புத்தகம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதை ஒட்டிய விடுமுறை. டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை. பொங்கலுக்கு ஊர். மார்ச், ஏப்ரல் தேர்வு. ஆக நீங்கள் போகக்கூடிய இடைவெளிகள் மூன்று: பூஜை விடுமுறை, டிசம்பர் கடைசி, கோடை. கர்நாடகப் பள்ளிகளுக்கும் தசரா விடுமுறை அந்தச் சமயத்தில்தான். டிசம்பர் கடைசியில் எல்லோருக்கும் விடுமுறை. ஒரு ராட்டினத்துக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிய நாட்கள் இவை. பாஸ்காரர்களை உள்ளே விடாத நாட்கள் என்று விதிமுறையில் எழுதியிருந்தால், அவையும் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். டிசம்பரில் பெங்களூருக் குளிரில் உங்கள் மகன் அலைக்குளத்தில் எத்தனை நிமிடம் நிற்பான் என்பதையும் யோசியுங்கள். பாஸ் நன்றாக வேலை செய்வது ஜூலை மாதத்துப் புதன்கிழமைகளில். அன்று உங்கள் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்.

உள்ளே விடாத நாள் எதுவும் இல்லை என்று சொன்னாலும் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 2021 ஆகஸ்டில் ‘மேஜிக் கீ’ என்ற பாஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் உச்சத்தில் இருந்த ‘ட்ரீம் கீ’ விலை 1,399 டாலர்; தடை நாட்களே கிடையாது என்று விளம்பரம். ஆனால் போகும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும். சில நாட்களில் சாதாரண டிக்கெட்டுக்கு இடம் இருந்தும் பாஸ்காரர்களுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2023இல் அது 95 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த நாள் செல்லாது? செல்லும் நாட்களில் முன்பதிவு தேவையா, அதற்குத் தனி ஒதுக்கீடா?

உங்கள் விஷயத்தில் இன்னொன்று முக்கியம், பலரும் கவனிக்காதது: உயரம். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் சிறுவர் டிக்கெட்டை வயதை வைத்துத் தீர்மானிப்பதில்லை, அளவுகோலில் நிறுத்திப் பார்ப்பார்கள். பல இடங்களில் 140 சென்டிமீட்டர் என்பது சிறுவர் கட்டணத்தின் எல்லைக்கோடு. பெரிய ராட்டினங்களுக்கும் தனித்தனி உயரக் கட்டுப்பாடு உண்டு. இன்று ராத்திரி இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் திடீரென்று அதைவிடவும் வேகமாக உயர்வார்கள். மகள் இப்போது 137 இருந்தால் வருடத்துக்குள் கோட்டைத் தாண்டிவிடுவாள். வாங்கும் நாளில் எடுத்த சிறுவர் பாஸ் கடைசிவரை செல்லுமா, நடுவில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்களா என்று கேளுங்கள். செல்லும் என்றால் அது உங்களுக்கு லாபம்.

மகன் கதை நேர்மாறு. ஏழு வயதில் 120 சென்டிமீட்டரை ஒட்டி இருப்பான். நல்ல ராட்டினம் பாதியில் அவனை ஏற்ற மாட்டார்கள். அவனோடு உங்களில் ஒருவர் குட்டி ரயில் பக்கத்திலேயே நாளைக் கழிக்க வேண்டும். அப்படியானால் நாலு பாஸில் ஒன்றரை பாஸுக்கு மேல் சும்மாதான் போகும். அவனுக்காக இப்போது ஒரு வருடத்தை முன்கூட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

திரும்பி வருவதையும் சொல்ல வேண்டும். பூங்கா சாயங்காலம் மூடும். பிள்ளைகளைத் துவட்டி, சாப்பிட்டு, பெங்களூரு நெரிசலைத் தாண்டி வந்தால், தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே நீங்கள் இருக்கும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். ஓட்டுகிறவரும் அன்று முழுக்கத் தண்ணீரில் ஆடியவர்தான். விபத்துகளுக்குப் பேர்போன அந்த இறக்கத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தம்பி வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இல்லையென்றால் லாட்ஜ் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

பக்கத்திலேயே இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சேலத்துக்குப் பக்கத்தில், அரை மணி முக்கால் மணியில் போகிற தூரத்தில், நீச்சல் குளமோ சின்ன நீர்ப் பூங்காவோ மாதப் பாஸ், கோடைப் பாஸ் தந்தால் அதைத் தைரியமாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, காவலுக்கு நீச்சல் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும் நேரில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். ஏற்காட்டுக்கு ஆண்டுப் பாஸ் என்று ஒன்று போட்டால் நானே முதல் ஆளாக வாங்குவேன். 20 கொண்டை ஊசி வளைவு, 30 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

சரி, அந்த இரண்டு பேர் விஷயம். பாஸைக் குடும்பத்துக்கு மொத்தமாக வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்கள் மகள் கோடையில் பத்து நாள் மாமா வீட்டுக்குப் போவாளா? பூஜை விடுமுறைக்கும் போவாளா? எப்படியும் போவாள் என்றால் பயணச் செலவு பாஸின் தலையில் விழாது. அவளுக்கு ஒன்று, உங்கள் தம்பிக்கு ஒன்று. இரண்டு பாஸ் 8,000. வருடத்தில் ஐந்து நாள் போனால் டிக்கெட்டுக்கே 14,000 ஆகியிருக்கும். இது உண்மையான மிச்சம். பெரும்பாலும் ஒருவர் பாஸில் இன்னொருவர் போக முடியாது; அதனால் துணைக்கு யார் போவார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

வாங்குவதென்றால் மே நடுவில் வாங்குங்கள். அடுத்த மே நடுவரை செல்லும், ஒரே பாஸில் இரண்டு கோடை விடுமுறையும் வந்துவிடும். ஜனவரி ஆஃபரில் வாங்கினால் ஒரு கோடைதான். செல்லுபடி வாங்கிய நாளிலிருந்தா, முதல் நுழைவிலிருந்தா, சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, பூங்கா பல நாள் மூடப்பட்டால் நாளை நீட்டித்துத் தருவார்களா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். 2020இல் பூங்காக்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பூங்கா கர்நாடகத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணமும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் தம்பியிடம் போனில் பேசுங்கள். எந்தெந்தச் சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போவான் என்று தேதியோடு கேளுங்கள். தேதி சொன்னால் வாங்கலாம். “பார்க்கலாம் அக்கா” என்றால் வழக்கம்போல மே மாதத்தில் ஒரு நாள் டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள்.