பதில்: 'டவுன்ஹில்' படத்தில் வரும் பச்சை நிறம்

வணக்கம். ஹிட்ச்காக் இயக்கிய 'டவுன்ஹில்' என்ற மௌனப் படத்தின் கடைசிப் பகுதி திடீரென்று பச்சையாகிறது, கோப்பு பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை, அழித்துவிடாதீர்கள்! கப்பலில் நோயுற்றுக் கிடக்கும் கதாநாயகன் ராடிக்கு ஜன்னி கண்டு பிதற்றும் இடம் அது. 1927-இல் ஹிட்ச்காக் வேண்டுமென்றே பச்சைச் சாயம் ஏற்றினார். 2012-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் மீட்டெடுத்தபோது அந்த நிறத்தையும் மீட்டார்கள். உங்களிடம் இருப்பது நல்ல பிரதிதான்.

படத்தின் மூலக்கதை, நடிகர்கள் ஐவர் நொவெல்லோவும் கான்ஸ்டன்ஸ் காலியரும் புனைபெயரில் எழுதிய மேடை நாடகம். ஆனால் சினிமாவால் மட்டுமே முடிகிற விஷயத்துக்கு, உணவுவிடுதிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். கோட்டு சூட்டில் நிற்கும் ராடி கனவான் போலத் தெரிகிறான், அப்புறம் பரிமாறுபவன், கேமரா நகர்ந்ததும், அட, அவன் நின்றிருப்பதே ஒரு நாடக மேடை! வசனமே வேண்டாம், எனக்கு அது இன்றும் சிலிர்க்கிறது.