அது குளத்து ஆமை அல்ல

ஏற்காடு அடிவாரச் சாலையில் கிடைத்த ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டிருப்பதாகவும், மூன்று நாளாக எதுவும் தின்னவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வெளியே எடுங்கள், இப்போதே! படத்தில் ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரிகின்றன. கால்களோ யானைக்கால் போல உருண்டு, விரலிடைச் சவ்வு இல்லாமல் இருக்கின்றன. சந்தேகமே வேண்டாம், நட்சத்திர ஆமைதான். தரையில் வாழ்வது, ஆழத் தண்ணீரில் மூழ்கிவிடும்.

தட்டில் அரை விரல் உயரத் தண்ணீர், அறுகம்புல், செம்பருத்தி இலை போதும். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம், பாவம், அதன் குடல் தாங்காது.

வளர்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். நாளைக் காலையே சேலம் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கிடைத்த இடத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.