‘ஸ்ட்ரெஸ் அவுட்’: ‘மீ’ எங்கே நிற்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் வேலையில் இருக்கிறேன். ‘திஸ் டெட்லைன் இஸ் ஸ்ட்ரெஸிங் அவுட் மீ’ என்று எழுதியதை மேலாளர் ‘ஸ்ட்ரெஸிங் மீ அவுட்’ என்று திருத்தினார். ஏன் என்று கேட்டால், ‘அப்படித்தான் வரும்’ என்கிறார். ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட் அவுட்’, ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸிங் அவுட்’ இரண்டும் ஒன்றுதானா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

திருத்தம் சரி. அதற்குக் காரணமும் உண்டு. ‘ஸ்ட்ரெஸ் அவுட்’ (மன அழுத்தம் கொடுப்பது) பிரித்துப் போடக்கூடிய ஃப்ரேசல் வெர்ப்; அதாவது வினைச்சொல்லும் ‘அவுட்’ போன்ற ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருவது. மீ, ஹிம், தெம் போன்ற ப்ரோநவுன் (பிரதிப்பெயர்) வந்தால் நடுவில்தான் நிற்கும்; ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு, ‘டர்ன் இட் ஆஃப்’ சரி என்பதும் இதே விதிதான். பெயர்ச்சொல்லை நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆனால் ‘இட் ஸ்ட்ரெஸ்ஸஸ் மை மதர் அவுட்’ என்பதே காதுக்கு இயல்பு. ‘இரவு ஷிஃப்டில் வேலை செய்கிற எல்லோரையும்’ என்பது போல நீளமாகப் போனால் மட்டும் ‘அவுட்’டை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

‘அவுட்’டை விட்டுவிட்டால் பொருளே மாறக்கூடும். ‘மை மேனேஜர் ஸ்ட்ரெஸ்ட் தி டெட்லைன்’ என்றால் மேலாளர் கெடு தேதியை வலியுறுத்தினார் என்று அர்த்தம். அதில் கவலையே இல்லை!

‘ஸ்ட்ரெஸ்ட் அவுட்’ ஒரு நிலை: சுமை ஏறி ஏறி மனம் களைத்துப்போயிருக்கிறது. ‘ஸ்ட்ரெஸிங் அவுட்’ இப்போது நடந்துகொண்டிருக்கும் செயல்: ஒன்றை நினைத்து நினைத்துக் கவலைப்படுகிறேன். எதைப் பற்றி என்று சொல்ல ‘அபௌட்’ அல்லது ‘ஓவர்’ சேர்க்க வேண்டும். ‘மை ஜாப் இஸ் ஸ்ட்ரெஸ்ட் அவுட்’ என்று பலர் எழுதுகிறார்கள்; வேலைக்கு மனம் கிடையாது, அங்கே ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’தான் வரும். நம் ஊர் ‘ஐ ஆம் டென்ஸ்ட்’டும் வெளிநாட்டவருக்கு விநோதமாக ஒலிக்கும். ‘டென்ஸ்’ போதும்.

‘ஃப்ரீக் அவுட்’டை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அது திடீரென்று பதறி நிதானம் இழப்பது; கோபத்துக்கும் அளவுமீறிய உற்சாகத்துக்கும்கூட வரும். ‘ஸ்ட்ரெஸ் அவுட்’ அநேகமாக மெல்ல மெல்ல அரிப்பது.

இன்னொன்று: இது பேச்சு வழக்கு. சக ஊழியருக்கு அனுப்பும் சாட்டில் தாராளமாகப் புழங்கலாம். வாடிக்கையாளருக்கு என்றால், மேலாளர் திருத்திய வாக்கியத்தைக்கூட நான் அனுப்பமாட்டேன். ‘வி ஆர் கன்சர்ன்ட் தட் தி டெட்லைன் இஸ் டூ டைட். குட் வி மூவ் இட் டு ஃப்ரைடே?’ என்று எழுதுங்கள். உங்கள் கவலையும் தெரியும், அவர் பதில் சொல்ல ஒரு கேள்வியும் கிடைக்கும்.